மேலே வரும் வேகம்

ஜூலை 12, சனி

காலையில், கடலடியில் மூழ்கிக் கிடக்கும் நிலக்கரிக் கப்பலுக்குப் போனோம். இந்தக் கிழக்குக் கரையில் நாங்கள் ஆட்களைக் கூட்டிப்போகும் சுழியோடும் இடங்களில் அதுதான் ஆழமானது. பெயர்தான் நிலக்கரி. உள்ளே போனால் ஊதாவும் மஞ்சளுமாகப் பவளம் மூடிக் கிடக்கும். கப்பலின் வயிற்றுக்குள் ஒரு கிழட்டுக் களவா மீன் இருக்கிறது. ஆட்கள் வந்தால் வெளியே வந்து ஒருமுறை பார்த்துவிட்டு, இவர்களும் சரியில்லை என்பதுபோல் திரும்பிப் போய்விடும். அந்த மீனோடு எனக்கு நன்றாக ஒத்துப்போகும்.

வழக்கம்போல் நான் முதலில் இறங்கிக் கயிறு கட்டிவிட்டு வந்தேன். பிறகு ஒல்லாந்திலிருந்து வந்த ஒரு கணவனையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு இறங்கினேன். இறங்குமுன் எல்லோருக்கும் சொல்வதை அவர்களுக்கும் சொன்னேன்: உங்கள் மூச்சுக் குமிழியை முந்திக்கொண்டு மேலே வராதீர்கள். இருவரும் பெரிதாகத் தலையாட்டினார்கள். அடியில் அந்தப் பெண்ணின் முகக்கண்ணாடிக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்தது. மூக்கால் ஊதினால் போய்விடும், முதல் நாள் பாடம் அது. அவள் ஊதவில்லை, மேலே பாய்ந்தாள். அவளுடைய பட்டியைப் பிடித்தேன். பிடித்தவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனாள். குமிழிகளை எல்லாம் முந்திக்கொண்டு இரண்டு பேரும் மேலே வந்து விழுந்தோம்.

அவளுக்கு ஒன்றும் இல்லை. படகில் இருந்து அழுதாள், பிறகு வாழைப்பழம் தின்றாள், பிறகு என்னோடு படம் எடுத்தாள். நான் திரும்ப இறங்கிக் கயிற்றை அவிழ்த்தேன். படகுக்காரன் ஃபாயிஸ் வேண்டாம் என்றான். அவன் எப்போதும் எதையாவது வேண்டாம் என்பான். பின்னேரம் வேறு ஆட்களோடு ஆனைக்கல் என்ற இடத்துக்கும் போய் இறங்கிவந்தேன்.

வீட்டில் மனைவி நிலானி ஒரு கிழிந்த சுழியோடும் உடுப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் கரையில் இருக்கும் எல்லாச் சுழியோடும் சென்டர்காரரும் கிழிந்த உடுப்பை அவளிடம்தான் கொண்டுவருவார்கள். வீடு முழுக்க ரப்பர்ப் பசை மணம். சோறு தின்றாலும் அந்த மணம்தான்.

ஜூலை 13, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தோள்மூட்டு இரண்டும் வலிக்கிறது. சிலிண்டர் தூக்கியதால் இருக்கும். உள்ளங்காலில் எறும்பு ஊருகிற மாதிரி ஒரு கூச்சம்.

காற்று நிரப்பும் கொம்பிரசரின் வடிகட்டியை மாற்றினேன். சிலிண்டர்களை நிரப்பினேன். நிலானி தோளுக்கும் முதுகுக்கும் தைலம் தேய்த்துவிட்டு, "இது வாய்வு. நேற்று பருப்பு கூடத் திண்டீங்க" என்றாள். ஒரு விதத்தில் அவள் சொன்னது சரிதான், வாய்வு என்றால் காற்றுத்தானே.

ஜூலை 14, திங்கள்

வண்ணாத்திக்குப் போனோம். ஆழம் குறைந்த பவளத் தோட்டம், பழகுகிறவர்களுக்கு ஏற்ற இடம். ஒரு பக்கம் இப்போது வெளுத்துப் போய் எலும்புக் குவியல் மாதிரி இருக்கிறது. ஆட்களை மற்றப் பக்கத்தால் கூட்டிப்போகிறேன். அவர்களுக்குத் தெரியாது.

ஒரு அதிசயம். தண்ணீருக்குள் இறங்கியதும் தோள் வலி போய்விட்டது. கால் கூச்சமும் இல்லை. புதுக் கால் போட்டதுபோல் இருந்தது. கரையில் இருந்தால்தான் எனக்கு உடம்பு வருத்தம் வருகிறது என்று ஃபாயிஸிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. பொதுவாக என் பகிடிக்கு எனக்கு முன் சிரிப்பவன்.

பின்னேரம் வலி திரும்பிவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

சிறுநீர் சரியாகப் போகவில்லை. வெயில்தான் காரணம். இளநீர் குடித்தேன்.

ஜூலை 16, புதன்

படகில் ஏறும்போது இடது கால் நான் வைத்த இடத்தில் நிற்கவில்லை. சிலிண்டரோடு விழுந்தேன். வந்திருந்த ஆட்கள் கை கொடுத்துத் தூக்கினார்கள். இத்தனை வருடமும் நான் அவர்களைத் தூக்கிவிட்டிருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

ஆட்களைக் கரையில் இறக்கிவிட்டு வந்த பிறகு ஃபாயிஸ் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் முன்னால் வந்து இருந்தான்.

"மச்சான், ஒனக்கு என்ன வந்திரிக்கெண்டு ஒனக்கே தெரியும்."

"முதுகு பிடிப்பு."

"என்னட்டச் சொல்லாத. நம்மட வாப்பாட ஆக்கள் கடலட்டை குளிக்கப் போய் எத்தினை பேர் இப்பிடி விழுந்தவங்க. சனிக்கிழமை அந்தப் பொம்பிளையோட மேல வந்தாய் எலுவா, அண்டைக்கே நான் ஒன்னைக் கொண்டுபோயிருக்கணும்."

"எங்க?"

அவன் கையைத் துறைமுகப் பக்கம் காட்டினான்.

வேகமாக மேலே வந்து இரத்தத்தில் காற்றுக் குமிழி தங்கிய சுழியோடியை வைத்து, அழுத்தம் கொடுத்து, அதை மெதுவாகக் குறைத்து வெளியே எடுக்கிற அறை ஒன்று இங்கே இருக்கிறது. இரும்பால் செய்தது, பெரிய தண்ணீர்த் தாங்கி மாதிரி இருக்குமாம். அது துறைமுகத்துக் கடற்படை முகாமுக்குள் இருக்கிறது. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நானே அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். பயப்படாதீர்கள், பக்கத்திலேயே இருக்கிறது என்று சொல்வேன்.

அண்ணன் ஜெறோம் அந்த முகாமுக்குள் கூரை வேலைக்குப் போனவன். சண்டைக் காலம். பாஸ் காட்டிவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியோடு, காலையில் கேட் வழியாக உள்ளே நடந்து போனான். பின்னேரம் வெளியே போய்விட்டான் என்று அவர்கள் சொன்னார்கள். வெளியே வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. அம்மா கேட்டுக்கு எதிரே வாகை மரத்தின் கீழ் நின்றாள். மழையிலும் நின்றாள். சாகிறபோது என் கையைப் பிடித்து ஒன்றுதான் கேட்டாள், அந்தக் கேட்டைத் தாண்டாதே என்று. சரி என்றேன். பஸ் அந்தப் பக்கத்தால் போனால்கூட நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

"அங்க போக மாட்டன்" என்றேன்.

"அது அந்தக் காலம் மச்சான்."

"கேட் அதே கேட்தானே."

ஃபாயிஸ் நனைந்த கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான். கடைசியில் நான்தான் சொன்னேன், கடலட்டை எடுக்க மூழ்குகிறவர்கள் செய்வதைச் செய்வோம் என்று. ஒருவனுக்குக் கால் விறைத்தால் அவனைத் திரும்பக் கடலுக்குள் இறக்கிக் கயிற்றில் நிறுத்தி, மெல்ல மெல்ல மேலே எடுப்பார்கள். சிலர் எழும்பி நடந்திருக்கிறார்கள். நடக்காதவர்களைப் பற்றி ஃபாயிஸ் சொல்ல வாயெடுத்தான். நான் கேட்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

சுகம். அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதிவிட்டுப் படுத்திருக்கலாம், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆனைக்கல்லில் இறங்கினேன். கடலுக்குள் நிற்கும் ஒற்றைக் கல் அது, ஒரு பக்கம் தும்பிக்கை மாதிரி வளைந்திருக்கும். ஃபாயிஸ் கயிற்றைக் கட்டி மேலே காத்திருந்தான். பாதி ஆழத்திலேயே கால் விரல்கள் எனக்குத் திரும்பக் கிடைத்தன. ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்று அழுதேன். முகக்கண்ணாடிக்குள் அழுவது வசதியாக இல்லை. பாரை மீன் கூட்டம் ஒன்று என்னைச் சுற்றிப் போனது. காற்று முடியப்போகும்வரை நின்று, மெதுவாக, என் குமிழிகளுக்கு மரியாதை கொடுத்து மேலே வந்தேன்.

கரையில் நடந்து காட்டினேன். ஃபாயிஸ் கட்டிப்பிடித்தான். வரும் வழியில் நண்டு வாங்கினேன். நிலானிக்கு விஷயம் இன்றுதான் முழுதாகத் தெரியவந்தது. முதலில் என் நெஞ்சில் அடித்தாள், பிறகு நண்டை உடைத்து எனக்குத் தந்தாள். "சீசன் முடிய ஹிக்கடுவ போறதெண்டால் உங்கட நீல உடுப்புக்கு முழங்கால்ல ஒட்டுப் போடோணும்" என்றாள். கிழக்கில் கடல் மூடினால் மேற்கில், ஹிக்கடுவப் பக்கம், திறக்கும். எங்கள் பிழைப்பு கடலோடு சேர்ந்து தீவைச் சுற்றி வருவது. பதினைந்து வருடமாக அப்படித்தான் போகிறோம்.

ஜூலை 18, வெள்ளி

நன்றாக இருக்கிறேன். வேலைக்குப் போகவில்லை. பின்னேரம் கொஞ்சம் படுத்தேன். படுத்தபடியே எழுதுகிறேன்.

ஜூலை 19, சனி

காலையில் கட்டிலில் இருந்து கால்களை இறக்கினேன். நிலம் இருக்கவில்லை. நிலம் அங்கேதான் இருந்தது, கால்தான் அதை அறியவில்லை. விழுந்த சத்தத்துக்கு நிலானி ஓடி வந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் கொண்டுபோனாள். டொக்டர் பெண் மிகவும் இளையவர். ஊசியால் காலில் குத்தினார். எங்கே குத்துகிறேன் சொல்லுங்கள் என்றார். கூரையைப் பார்த்துக்கொண்டு ஊகித்துச் சொன்னேன், எல்லாம் பிழை. உடனே முகாமுக்குத் தொலைபேசி எடுத்தார். அம்புலன்ஸ் தயார், அறை தயார் என்றார்கள். நான் போக மாட்டேன் என்றேன். என் சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்து வைத்துவிட்டு அதே ஓட்டோவில் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிலில் தூக்கிப் போட்ட பிறகுதான் நிலானி தொடங்கினாள்.

"மாமிக்குக் குடுத்த வாக்கு. எனக்கு ஒண்டும் தரேல்லையா நீங்க?"

"உனக்கு விளங்காது."

"எனக்கு விளங்கும். நான் இந்த வீட்டுக்கு வந்த நாள் தொட்டு ஜெறோம் அண்ணைக்கும் ஒரு தட்டு வைக்கிறனான். எனக்கோ விளங்காது?"

"அங்க போய்த் திரும்பி வராட்டி?"

"இஞ்ச பாருங்க, இப்ப நீங்க எங்க போய்த் திரும்பி வந்திருக்கிறீங்க? எழும்பி அந்தக் கதவு வரைக்கும் வாங்க பாப்பம்."

கதவுக்கும் கட்டிலுக்கும் இடையே ஒரு தையல் மெசின்தான் இருக்கிறது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். திரும்ப முடிந்ததும் இடுப்புக்கு மேலேதான். கால்களை அவள் திருப்பி வைத்தாள்.

கோபம் வருகிறது. அவள் மேல் இல்லை. அந்த ஒல்லாந்துக்காரி மேல்கூட இல்லை. யார் மேல் என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கும்.

ஜூலை 20, ஞாயிறு

ஆனைக்கல் போதவில்லை, இன்னும் ஆழம் வேண்டும். அதுதான் குறை என்று எனக்குப் பட்டது. ஃபாயிஸுக்கு அழைப்பு எடுத்தேன், நிலக்கரிக் கப்பலுக்குப் போவோம் என்றேன். முடியாது என்றான். நீ வராவிட்டால் வேறு படகு பிடிப்பேன் என்றேன். பொய். காலில்லாதவனை ஏற்ற யார் வருவார்கள். ஆனால் அவன் வந்தான்.

நிலானி பூசையில் இருந்தாள். ஃபாயிஸ் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் நடந்தான். கடற்கரையில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். நீல உடுப்பின் முழங்காலில் ஒட்டு இருந்தது. எப்போது போட்டாள் என்று தெரியவில்லை.

"மச்சான், இது கடைசி. இதுக்குப் பிறகு என்னட்டக் கேட்டா நான் படகை வித்துப் போட்டு ஊரை விட்டுப் போயிருவன்" என்றான் ஃபாயிஸ்.

கயிற்றைப் பிடித்துக் கைகளால் இறங்கினேன். கால்கள் பின்னால் வேறொருவருடையவை மாதிரி மிதந்து வந்தன. கப்பலின் மேல்தட்டுக்கு வந்தபோது இடது கால் வந்தது. பிறகு வலது. முழுதாக இல்லை, பாதி பாதியாக. ஆனால் உதைத்தேன். உதைக்க உதைக்க முன்னால் போனேன். கிழட்டுக் களவா வெளியே வந்து என்னைப் பார்த்தது. இன்றைக்கு அது திரும்பிப் போகவில்லை, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. அங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். நினைத்ததை எழுதிவைக்கிறேன், பிறகு மறைக்கக் கூடாது.

காற்று முடிந்துகொண்டு வந்தது. ஃபாயிஸ் மேலே இருந்து இன்னொரு சிலிண்டரைக் கயிற்றில் இறக்கினான். அதையும் குடித்தேன். குளிரில் பல் அடித்தது. பிறகு மேலே வருவதைத் தவிர வேறு வழி இல்லை. நான் என்ன மெதுவாக வந்தேன் தெரியுமா. உலகத்தில் எந்தச் சுழியோடியும் அத்தனை மெதுவாக வந்திருக்க மாட்டான். பாதி வழியில் விரல்கள் போயின. வெளிச்சம் கூடக்கூட முழங்கால் போனது. படகின் அடி தெரிந்தபோது இடுப்புக்குக் கீழே கடல்தான் இருந்தது.

கரைக்கு வரும்வரை ஃபாயிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினான்.

ஜூலை 22, செவ்வாய்

நேற்று முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். நான் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நிலானி அம்புலன்ஸைக் கூப்பிட்டாள். என் தலையணைக்குக் கீழே ஜெறோமின் படத்தை வைத்தாள். "அவரையும் கூட்டிக்கொண்டு போங்க" என்றாள்.

இத்தனை வருடமாக அந்தக் கேட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யோசித்திருக்கிறேன். கிணறு இருக்குமா, இருட்டறை இருக்குமா என்று கனவு கண்டிருக்கிறேன். மல்லாந்து படுத்தபடி வந்ததால் அம்புலன்ஸின் கூரையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஒரு முறை வாகனம் நின்றது. யாரோ என் பெயரையும் ஊரையும் கேட்டார்கள். அப்பாவின் பெயரைக் கேட்டார்கள். எழுதினார்கள். அவ்வளவுதான் கேட்.

இரும்பு அறைக்குள் படுக்கவைத்தார்கள். கதவை மூடினார்கள். காற்று ஏற ஏறக் காது அடைத்தது. எத்தனையோ ஆயிரம் முறை செய்ததுபோல் மூக்கைப் பிடித்து ஊதினேன். சூடாக இருந்தது. தண்ணீர் இல்லாமல் இறங்குவது இதுதான் முதல்முறை. மீனும் இல்லை, வெளிச்சமும் இல்லை. காத்துக்கொண்டிருந்தேன். இடது பெருவிரலில் மட்டும் ஏதோ ஒன்று, யாரோ தொட்டுவிட்டுப் போனதுபோல் வந்தது.

அழுத்தத்தை இறக்கினார்கள். அதுவும் போய்விட்டது.

ஜூலை 24, வியாழன்

இன்று அறையை நடத்துகிற டொக்டர் வந்து கட்டிலில் இருந்தார். சிங்களவர். தமிழ் படித்திருக்கிறார், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிறார். நல்ல மனிதர், அதுதான் தாங்க முடியவில்லை. எனக்காகத் தன் விடுமுறையைத் தள்ளிப்போட்டிருக்கிறார் என்று தாதி சொன்னார்.

"நீங்க பெரிய டைவர். உங்களுக்கு எல்லாம் தெரியும். ஏன் இவ்வளவு பிந்தி வந்தீங்க?"

நான் போர்வையை இழுத்துக் கால்களை மூடினேன்.

"திரும்பித் திரும்பித் தண்ணிக்குள்ள போயிருக்கிறீங்க. அது கூடாது. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கெட்டுப்போகும். முதல் நாள் வந்திருந்தா, நீங்க இந்தக் கேட்டால நடந்து வீட்ட போயிருப்பீங்க."

ஜெறோமும் இந்தக் கேட்டால் நடந்துதான் உள்ளே வந்தான் என்று சொல்ல நினைத்தேன். அவரைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் இவர் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு பாடமாக்கிக்கொண்டிருந்திருப்பார். "பயந்துபோனன் டொக்டர்" என்றேன். ஊசிக்குப் பயந்தேன் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஜூலை 29, செவ்வாய்

தினமும் அறை. மாற்றம் இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஃபாயிஸ் பார்க்க வந்தான். மாதுளம்பழம் கொண்டுவந்தான். சென்டருக்குப் புதிதாக ஒருவன் வந்திருக்கிறானாம், பெயர் தர்ஷன். நிலக்கரிக் கப்பலில் கயிறு கட்டும் இடத்தை அவனிடம் சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டான். சொல்லிக்கொடுத்தேன். முன்பக்கத்து நங்கூரச் சங்கிலியில் கட்டினால் அறுந்துபோகும், பின்பக்கத்து வளையத்தில் கட்ட வேண்டும். களவாவைப் பற்றிச் சொல்லவில்லை. அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

"ஆனைக்கல்லுக்கு அண்டைக்கு நான் ஒன்னைக் கொண்டுபோயிருக்கக் கூடாது" என்றான் ஃபாயிஸ்.

"நான்தானே கேட்டன்."

"நீ கேப்பாய். நான் குடுத்திருக்கக் கூடாது."

பழத்தை உரித்து அவனுக்குக் கொடுத்தேன். அவன் எனக்குக் கொண்டுவந்ததை அவனே தின்றுவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 6, புதன்

நிலானி இன்று நீல உடுப்பை மடியில் வைத்துக்கொண்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து தையல் பிரித்தாள். தர்ஷன் என்னைவிடக் கட்டையாம், காலைக் குறைக்க வேண்டுமாம். உடுப்பை அவனுக்குக் கொடுக்கச் சொன்னது நான்தான். கழுத்துக்குள் அவள் முன்பு தைத்த என் பெயரைப் பிரிக்க வந்தபோது கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

"அது கிடக்கட்டும். உள்ளுக்குத்தானே, தெரியாது" என்றாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இனி அறையால் பயன் இல்லை என்று எழுதித் தந்துவிட்டார்கள். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை டொக்டர் சொல்லித் தந்தார். கையைப் பிடித்தார். எனக்கு நன்றி சொல்ல வந்தது, சொன்னேன். ஜெறோமின் படத்தைக் காட்டலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். காட்டி என்ன கேட்பது. படத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

சக்கர நாற்காலியில் இருத்தி ஒரு இளம் சிப்பாய் தள்ளிக்கொண்டு வந்தான். இந்த முறை எல்லாவற்றையும் பார்த்தேன். புல் வெட்டிய மைதானம், கரப்பந்து வலை, காயப்போட்ட வெள்ளைச் சட்டைகள், நீளமான ஓட்டுக் கூரைகள். அதில் எது ஜெறோம் வேய்ந்த கூரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தன. சிப்பாய்க்கு என்ன அவசரமோ, வேகமாகத் தள்ளினான். மெதுவாக, தம்பி, என்றேன். அவனுக்கு விளங்கவில்லை.

கேட்டுக்கு எதிரே வாகை மரத்தின் கீழ் நிலானி நின்றாள். பக்கத்தில் ஃபாயிஸின் வான். வேறு நிழல் இல்லை, அதனால்தான் அங்கே நின்றிருப்பாள். அம்மா நின்ற இடம் என்று அவளுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. என்னைக் கண்டதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீதியைக் கடந்து வந்தாள்.

"வந்திட்டீங்க" என்றாள்.

இந்தக் கேட்டால் தன் பிள்ளை ஒருவன் வெளியே வருவதைப் பார்க்கத்தான் அம்மா அத்தனை மழையிலும் நின்றாள். வந்திருக்கிறேன் அம்மா, இடுப்புவரை.